நினிவே ஈசாக்: வளைகுடாக் கரையில் பிறந்த துறவி



எங்கட சனங்களில் கனபேர் டோகா, துபாய், பஹ்ரேன், குவைத் என்று வளைகுடா நாடுகளில் கொஞ்சக் காலம் உழைத்துவிட்டுத்தான் வேறு நாடுகளுக்குப் போனார்கள். அங்கே மணலும் எண்ணெய்யும் தவிர ஒன்றும் இல்லையெண்டுதான் பலரும் நினைத்திருப்பினம். 1,300க்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன்னர் அந்தக் கரையில் பிறந்த ஒரு துறவியை இன்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல திருச்சபைகள் புனிதராக மதிக்கின்றன. அவர் பெயர் நினிவே ஈசாக். இது மதம் பரப்ப எழுதும் கட்டுரை அல்ல. மதத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் அடிபட்ட சனங்கள் எந்த மதமானாலும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வாழ்க்கை.

இரண்டு பக்கமும் அடி

இன்றைய கட்டார், பஹ்ரேன், அவற்றையொட்டிய சவூதிக் கரை எல்லாவற்றையும் சேர்த்து அந்த நாளில் பெத் கட்ராயே என்று அழைத்தார்கள். அங்கே மீன் பிடித்தும் முத்துக் குளித்தும் வாழ்ந்த சனங்களுக்குள் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் பாரசீகப் பேரரசுக்குள் வளர்ந்த கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அதே சபையின் வணிகர்கள் இலங்கைக்கும் வந்து போயிருக்கிறார்கள். 1912இல் அனுராதபுரத்தில் கண்டெடுத்த கல்லில் செதுக்கிய சிலுவை அவர்களுடையது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இந்தச் சபை பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியதும், பாரசீக மன்னன் இரண்டாம் சாபூருக்குத் தன் நாட்டுக் கிறிஸ்தவர்கள் மேல் சந்தேகம் வந்தது. எதிரியின் மதத்தைக் கும்பிடுகிறவர்கள் எதிரியின் ஆட்கள்தானே என்பது அவன் கணக்கு. போருக்கு இரட்டை வரி கட்டச் சொன்னான். சபைத் தலைவர் சிமியோன் தன்னுடைய ஏழைச் சனத்திடம் அதை அறவிட மறுத்தார். அவரைக் கொன்றார்கள். சுமார் 340இல் தொடங்கிய கொலைகள் 379இல் சாபூர் இறக்கும் வரை விட்டு விட்டுத் தொடர்ந்தன.

அடுத்த நூற்றாண்டில் அடி மற்றப் பக்கத்தால் வந்தது. இயேசுவில் தெய்வத் தன்மையும் மனிதத் தன்மையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பற்றி ஆயர்களுக்குள் பெரிய சண்டை. 431இல் எபேசு நகரில் கூடிய சங்கம் நெஸ்தோரியுஸ் என்பவரைத் தள்ளி வைத்தது. அவரைத் தள்ளி வைக்க ஒப்பாத கிழக்குத் திருச்சபைக்கு மற்றவர்கள் நெஸ்தோரியர் என்று பட்டம் சூட்டி, பதிதர் என்று ஒதுக்கினார்கள். 489இல் ரோமப் பேரரசன் சேனோ எடெசா நகரில் இருந்த அவர்களின் கல்லூரியை மூடினான். படிப்பித்தவர்களுக்கு எல்லை தாண்டிப் பாரசீகத்துக்குள் போவதே வழியாயிற்று. பாரசீகனுக்கு அவர்கள் ரோமனின் ஆட்கள், ரோமனுக்கு அவர்கள் பதிதர். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்தின் நிலை எங்களுக்குப் புதுசாய்ச் சொல்லத் தேவையில்லை.

ஐந்து மாத ஆயர்

ஈசாக் ஏழாம் நூற்றாண்டில் பிறந்தவர். அவர் காலத்தில் பாரசீகப் பேரரசு விழுந்து, இஸ்லாமிய ஆட்சி வந்துவிட்டது. புதிய ஆட்சியாளர்கள் வரி கேட்டார்கள், ஆனால் கோயில்களை இடிக்கவில்லை. அந்தக் காலத்துச் சபைத் தலைவர் மூன்றாம் ஈசோயாப் எழுதிய கடிதங்களில், அராபியர் எங்கள் குருமாரை மதிக்கிறார்கள் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். வாளால்தான் எல்லாரும் மதம் மாறினார்கள் என்று கதைப்பவர்கள் இதையும் கவனிக்க வேணும்.

பெத் கட்ராயே ஆயர்களுக்கும் தலைமைக்கும் இடையில் நெடுநாள் பிணக்கு இருந்தது. அதைத் தீர்க்க 676இல் சபைத் தலைவர் கிவர்கீஸ் நேரில் வந்தார். இன்றைய சவூதியில் கத்தீபுக்கு அருகே உள்ள தாரூத் தீவில் சங்கம் கூடியது. இவரே ஈசாக்கை நினிவே நகரின் ஆயராக நியமித்தவர். நினிவே என்பது இன்றைய ஈராக்கில் மொசூல் நகர் இருக்கும் இடம்.

ஈசாக் அந்தப் பதவியில் இருந்தது ஐந்தே மாதம். ஏன் விட்டார் என்பதற்கு ஒரு கதை சொல்லுவினம். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் வழக்கோடு அவரிடம் வந்தார்களாம். கொடுத்தவன் உடனே காசு வேண்டும் என்று நின்றான். கொடுத்ததைத் திருப்பிக் கேளாதே என்று நற்செய்தி சொல்லுவதை ஈசாக் எடுத்துச் சொல்ல, நற்செய்தியை இதற்குள் கொண்டு வராதேயும் என்று அவன் சொல்லிவிட்டான். நற்செய்திக்கு இங்கே வேலை இல்லையெண்டால் எனக்கு மட்டும் என்ன வேலை என்று அவர் எழுந்து போய்விட்டாராம். கதை உண்மையோ கட்டுக்கதையோ, மனிதரை அப்படியே காட்டுகிறது.

போனவர் இன்றைய ஈரானின் தென்மேற்கு மலைகளில் தனியே இருந்தார். பிறகு ரப்பான் சாபூர் என்ற மடத்தில் சேர்ந்தார். வாரத்துக்கு மூன்று ரொட்டியும் சமைக்காத மரக்கறியும்தான் சாப்பாடு. வாசித்து வாசித்தே கண்பார்வை போனது. அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல சீடர்கள் எழுதினார்கள்.

என்ன எழுதினார்?

இவ்வளவு அடிபட்ட சபையில் வளர்ந்தவர், எதிராளிகளைத் திட்டிப் பெரிய புத்தகம் எழுதியிருக்கலாம். அந்தக் காலத்தில் அது வழமையும்கூட. அவர் எழுதியது இரக்கத்தைப் பற்றி.

இரக்கமுள்ள மனம் எது என்று அவர் விளக்குகிறார். அது எல்லா உயிருக்காகவும் எரிகிற மனம். மனிதர், பறவை, மிருகம், ஊர்ந்து திரியும் பூச்சி, தனக்குக் கெடுதல் செய்தவன், கடைசியில் பிசாசு வரை ஒன்றையும் அது விலக்காது. எந்த உயிரும் சின்ன நோவு படுவதையும் தாங்காது. எங்கட வள்ளலாரை நினைத்துப் பார்த்தால் இது கெதியாய் விளங்கும். கடவுள் பழி வாங்குபவர் அல்ல என்றும், நரகம்கூட முடிவில்லாத தண்டனை அல்ல என்றும் அவர் எழுதினார். இதை அவருடைய சபைக்குள்ளேயே சிலர் ஏற்கவில்லை. தானியேல் என்ற ஆயர் வெளிப்படையாக எதிர்த்தார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். எருசலேமுக்குப் பக்கத்தில் மார் சாபா என்ற மடம் உண்டு. அங்கே இருந்தவர்கள் ஈசாக்கின் சபையைப் பதிதர் என்று ஒதுக்கிய பக்கத்துத் துறவிகள். அவர்களில் பத்ரீக்கியோஸ், ஆபிராமியோஸ் என்ற இருவர் ஈசாக்கின் எழுத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். அவர் பெயர் சொல்லிக் காட்டிய சில ஆசான்மார் அவர்களுக்கு ஆகாதவர்கள். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டுத் தங்களுக்கு ஏற்ற பெயர்களைப் போட்டார்கள். ஆசானின் பெயரை மாற்றினார்கள், சொன்னதை விட மனம் வரவில்லை! கிரேக்கத்திலிருந்து ஜோர்ஜிய, ஸ்லாவிய, லத்தீன் மொழிகளுக்கெல்லாம் போனது. ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் கரமாசவ் சகோதரர்கள் நாவலிலும் இந்தப் புத்தகம் வருகிறது.

அவர் எழுதியவற்றின் இரண்டாம் பாகம் தொலைந்துவிட்டது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஈரானில் ஊர்மியா நகரில் இருந்த ஒரு பிரதி முதலாம் உலகப் போர்க் கால அழிவில் போய்விட்டது. 1983இல் செபஸ்தியான் புறொக் என்ற அறிஞர் ஒக்ஸ்போர்ட் நூலகத்தில் இன்னொரு பிரதியைக் கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்தான் எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏடு எரிந்த சனத்துக்குத்தான் ஒரு ஏடு திரும்பக் கிடைப்பதன் அருமை தெரியும்.

எங்களுக்கு என்ன?

2014 ஜூலையில் ஐஎஸ் இயக்கம் மொசூலில் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்கு அரபு எழுத்தொன்றால் குறி போட்டுத் துரத்தியது. அதே மாதம் யோனா நபியின் பள்ளிவாசலையும் வெடி வைத்துத் தகர்த்தது. முஸ்லிம்களின் வழிபாட்டிடமும் தப்பவில்லை. வீடு பார்த்துக் குறி வைப்பதை 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களும் செய்தார்கள்.

எதிரியின் ஆட்கள் என்று சாபூர் சொன்ன அந்தச் சொல்லை எங்கட பக்கமும் சொல்லியிருக்கிறது. 1544இல் மன்னாரில் புதிதாய்ச் சேர்ந்த கத்தோலிக்கர் சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லுவித்தான். பறங்கியின் பக்கம் போய்விட்டார்கள் என்பது பயம். பிறகு பறங்கி வந்து 1620களில் கோணேசர் கோயிலை இடித்தான். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் சனங்களை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களும் எங்களைப் போல அகதிகள்தான். எங்கட துன்பத்தைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம்.

பெத் கட்ராயே சனம் காலப்போக்கில் மறைந்து போனது. அபுதாபியின் சேர் பனியாஸ் தீவில் 1992இலும், உம் அல் குவைனின் சினியா தீவில் 2022இலும் மடங்களின் அத்திவாரங்கள் வெளிவந்தன. இன்று அமீரக அரசு அவற்றைப் பாதுகாக்கிறது. 1994 நவம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையும் கிழக்குத் திருச்சபையும், இயேசுவைப் பற்றிய தங்கள் விசுவாசம் ஒன்றே என்று கையெழுத்து வைத்தன. எபேசுச் சங்கத்திலிருந்து 1,563 வருடம்! 2024 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் ஈசாக்கின் பெயரை உரோமைப் புனிதர் பட்டியலில் சேர்த்தார்.

சங்கம் போட்டுத் தள்ளி வைத்தவர்களும், வாள் எடுத்தவர்களும் போய்விட்டார்கள். கண் தெரியாமல் மலை மடத்தில் இருந்த ஒரு கிழவர் சொல்லி எழுதுவித்தது நிற்கிறது. பிள்ளைகளுக்கு எங்கட கதையைச் சொல்லிக் கொடுக்கும்போது, யார் அடித்தான் என்பதோடு நிறுத்தாமல் யாரையும் வெறுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம். பிறக்கும் ஆண்டு எல்லா மதத்தவருக்கும் நிம்மதியான ஆண்டாக அமையட்டும்.