வழிப்பறிக்காரனா, வரிமறித்த வீரனா?

திருப்பூருக்குக் கிழக்கே காங்கேயம். அதனருகே மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தார் தீர்த்தகிரி. கொங்கு மண்ணில் கறந்த வரிப்பணம் மைசூருக்குப் போகும் வழியில், அதைப் பறித்து ஏழைகளுக்கு வழங்கினார். பறித்தவன் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையிலுள்ள சின்னமலை எனச் சொல்லியனுப்பினார். வழிவழியாகக் கொங்கு மக்கள் கூறும் செய்தி இது.

அரண்மனைக்கு அது வழிப்பறி. ஏரோட்டிக்கோ, சிந்திய வியர்வை வீடு திரும்பிய நாள்!

கொள்ளைக்காரன் பணப்பையைத்தான் பார்ப்பான். தீரன் சின்னமலை பகைவன் யாரென்று பார்த்தார். மைசூரின் வரியை மறித்தவரே, வெள்ளையனை எதிர்க்க மைசூர் திப்புவோடு தோள் சேர்ந்தார். 1799-இல் திப்பு வீழ்ந்தார். கொங்கு நாடு கும்பினியின் கைக்குப் போயிற்று. பழைய ஆட்சி போய்ப் புதிய ஆட்சி வேரூன்றாத அந்தக் காலத்தில், கும்பினிக்குப் பணிந்தோர் பலர். சின்னமலையோ ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போரிட்டார். 1805 ஜூலை 31-இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டது கும்பினி.

கடல் கடந்து வந்து நாட்டையே பறித்தவன் நீதிபதி. நாட்டைக் காத்தவன் குற்றவாளி! இதுதான் கும்பினியின் சட்டம்!

தோழர்களே! 2005-இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியாயிற்று. ஆடிப்பெருக்கு நாளில் அரசே அவருக்கு மாலை சூட்டுகிறது. கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியைக் கலகக்காரன் என்போர் இன்றும் உண்டு. நாம் கலங்கோம். பட்டம் சூட்டுவோர் ஆள்வோர்; தீர்ப்பு எழுதுவோர் மக்கள்!