குழந்தைகளுக்கு உலகத்தைக் காட்டிய அம்மையார்

வயல் வரப்பில் ஊர்ந்த நத்தையொன்றைக் கையில் ஏந்தி உங்கள் பிள்ளை வீட்டுக்குள் ஓடி வந்தால் என்ன செய்வீர்கள்? நம்மில் அநேகர், சீ, கீழே போடு, கையைக் கழுவு என்று அதட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்த நத்தையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று கண்டவர் ஒரு அம்மையார். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. நம் தமிழ் மண்ணிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதால் அவருடைய சரித்திரத்தை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

இத்தாலி தேசத்தில் கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31-இல் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அரிதாயிருந்த காலம் அது. ஆடவரோடு சேர்ந்து நின்று பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று தடுத்தார்கள். ஆகவே எல்லாரும் போன பிறகு, மாலை நேரத்தில், தன்னந்தனியே பிணங்களின் நடுவில் நின்று படித்தார். 1896-இல் ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

அவர் வாழ்க்கையில் ஒரு முள் உண்டு. 1898-இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. ஊரார் பிள்ளைகளுக்காகவே உழைத்த தாய் தன் பிள்ளையைத் தூர நின்று பார்த்து வந்தார். பதினைந்து வயதளவில்தான் அவன் தாயிடம் வந்து சேர்ந்தான். அப்பொழுதும் வெளியாருக்கு உறவுப் பையன் என்றே சொல்லப்பட்டான். இதைக் குறை சொல்லுவதற்காக இங்கே எழுதவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

புத்தி மந்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம்தான் அவர் முதலில் வேலை செய்தார். கையால் தொட்டு, தடவி, அடுக்கிப் பார்க்கும் பொருள்களைக் கொடுத்துப் பழக்கினார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரார் அதிசயித்தார்கள். அம்மையாருக்கோ வேறு கவலை: இவர்களே தேறுகிறார்கள் என்றால், நல்ல சுகமுள்ள பிள்ளைகளை நமது பள்ளிகள் எவ்வளவு அமுக்கி வைத்திருக்கின்றன?

1907 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள். அன்று ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் அவருடைய முதல் பாலர் இல்லம் திறக்கப்பட்டது. ஒரு நாள் ஆசிரியை பொருள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு இது குற்றமாகத் தோன்றியது. அம்மையாரோ அலமாரியைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்துக்குத் தாழ்த்திவிட்டார். அடுத்த ஆண்டு மெசினா பூகம்பத்தில் அனாதைகளான பிள்ளைகளுக்கும், பிரான்சிஸ்கன் மரியாயின் வேதபோதகக் கன்னியர் மடத்தில் இம்முறையிலேயே கல்வி கொடுக்கப்பட்டது.

அவர் தவறே செய்யாதவர் அல்லர். முசோலினியின் ஆதரவைச் சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டது பெரிய பிசகு என்றே நமக்குத் தோன்றுகிறது. 1934-இல் அந்த உறவு முறிந்து, அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

1939-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். முந்நூறு பேருக்கு மேல் பயிற்சிக்குக் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, தாயும் மகனும் எதிரி நாட்டாராகிவிட்டார்கள். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாறை விட்டு நகரக் கூடாதென்று உத்தரவாயிற்று. ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே விடுதலை செய்வதாக அதில் கண்டிருந்தது. உறவுப் பையன் என்றல்ல, மகன் என்றே!

பிறகு 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார்கள். சிறு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறை அங்கேதான் நன்றாக உருவாயிற்று. மலைச்சரிவில் பாசியும் செடியும் பூச்சியும் பாடப்புத்தகங்களாயின. ஓர் இலையைக் கையில் கொடுத்து, இது அரச இலை என்பார் ஆசிரியர். பிறகு பல இலைகளைப் பரப்பி, அரச இலை எது என்பார். கடைசியில்தான், இது என்ன என்று கேட்பார். நாமோ முதலிலேயே கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளை விழித்தால் தலையில் குட்டுகிறோம்! நிலமும் நீரும் படிப்பிக்க இரண்டு தட்டுகள் போதும். ஒன்றில் நீர் நடுவே மண், அது தீவு. மற்றதில் மண் நடுவே நீர், அது ஏரி. பாகூர் ஏரிக்கரையில் வளரும் பிள்ளைக்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

பூமியின் வயதைக் காட்ட முந்நூறு மீட்டர் நீளக் கறுப்புத் துணியை அவர்கள் பயன்படுத்தினார்கள். சுருட்டிய துணியைப் பிள்ளைகள் முன் விரித்துக்கொண்டே போவார்கள். அதன் கோடியில் சிறு கோடு. அதுதான் மனிதன் வாழ்ந்த காலம். இன்றைய கணக்கில் பூமியின் வயது ஏறக்குறைய 450 கோடி ஆண்டு. அப்படியானால் ஒரு மீட்டருக்கு ஒன்றரைக் கோடி ஆண்டு. நம் வில்லியனூரைத் தொட்டு ஓடும் சங்கராபரணி ஆற்றின் மேற்பக்கத்தில் திருவக்கரை இருக்கிறதே, அங்குள்ள கல்மரங்கள் சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையானவை. எவ்வளவு பழசு என்று நாம் வாய் பிளக்கும் அந்த மரங்கள், துணியின் கோடியிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அப்பால் வந்துவிடும். மூன்று இலட்சம் ஆண்டு மனித குலமோ ஒரு விரல் அகலம், இரண்டே சென்டிமீட்டர். ஒரு பழைய வேட்டியைக் கறுப்புச் சாயத்தில் நனைத்து, கடைசி சில மீட்டரையாவது செய்து உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இம்முறைக்கு விலையுயர்ந்த சாமான் வேண்டும் என்று சிலர் சொல்லுவதுண்டு. கடையில் வாங்கினால் விலைதான். ஆனால் ஊர்த் தச்சரும் ஊர்க் குயவரும் எதற்கு இருக்கிறார்கள்?

அம்மையார் 1949-இல் இந்தியாவிடம் கடைசியாக விடைபெற்றார். 1952 மே 6-ஆம் தேதி ஹாலந்து தேசத்தில் நோர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில், எண்பத்தோராம் வயதில் காலமானார். அன்றுகூட ஆப்பிரிக்காவுக்குப் பயணம் போவதைப் பற்றி மரியோவிடம் பேசிக்கொண்டிருந்தாராம். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மரண சாசனத்திலும் மரியோவை மகன் என்றே குறித்திருந்தார்.