டெல்லிக்குள் கட்டணம் வாங்காத ஹகீம்

பழைய டெல்லியின் பல்லிமாரான் பகுதியில் ஷரீஃப் மன்ஸில் என்ற வீடு இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்த வீட்டுக்கு நாடி பார்க்க வந்தவர்களில் கூலித் தொழிலாளியும் உண்டு, ஜமீன்தாரும் உண்டு. டெல்லிக்கு வந்து பார்க்கும் நோயாளி யாராக இருந்தாலும் ஹகீம் அஜ்மல் கான் கட்டணம் வாங்கமாட்டார். அவரைத் தங்கள் ஊருக்கே அழைத்துக்கொள்ள விரும்பிய ராஜாக்களுக்கும் நவாபுகளுக்கும் கணக்கு வேறு. அவர்கள் நாளொன்றுக்கு 1000 ரூபாய் கொடுக்க வேண்டும். அன்றைய குமாஸ்தா ஒருவர் பல மாதம் உழைத்தாலும் கையில் பார்க்க முடியாத தொகை அது.

அவர் பெயரைச் சுதந்திரப் போராட்டப் பாடங்களில் காங்கிரஸ் தலைவர், கிலாஃபத் தலைவர் என்ற வரிசையில் படித்திருப்போம். மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் செய்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் நீட் தேர்வுக்காக இரவு பகலாகப் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

அஜ்மல் கான் 1868 பிப்ரவரி 11 அன்று பிறந்தார். முகலாயர் காலம் தொட்டே அவருடையது மருத்துவக் குடும்பம். வீட்டுக்குப் பெயர் தந்த ஹகீம் ஷரீஃப் கான் இரண்டாம் ஷா ஆலம் காலத்தில் பெயர் பெற்ற மருத்துவர். தந்தை ஹகீம் மஹ்மூத் கான். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயப் படை டெல்லியைச் சூறையாடியபோது, பாட்டியாலா மகாராஜா அனுப்பிய காவலர்களால் இந்த ஹகீம்களின் தெரு தப்பித்தது. மகாராஜாவுக்கு வைத்தியம் பார்த்த குடும்பம் என்பதுதான் அந்தக் காவலுக்குக் காரணம். உயிர் தப்ப ஓடிவந்த பலருக்கு அந்தத் தெரு அடைக்கலமானது. அதே தெருவில்தான் கவிஞர் காலிபும் குடியிருந்தார்.

சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிழ் ஆனவர் அஜ்மல் கான். அரபியும் பார்சியும் கற்றார். மருத்துவத்தைத் தம் வீட்டுப் பெரியவர்களிடமும் டெல்லியின் மற்ற உஸ்தாதுகளிடமும் பயின்றார்.

அந்தக் காலத்தில் யூனானி மருத்துவம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். மகன் தந்தையின் அருகில் அமர்வான், சீடன் உஸ்தாதின் அருகில் அமர்வான். நோயாளியின் நாடியையும் நாக்கையும் நீரையும் பார்க்கப் பழகுவான். நுஸ்கா எனப்படும் மருந்துக் குறிப்பைப் பெரியவர் சொல்ல இவன் எழுதிக்கொள்வான். நல்ல உஸ்தாத் அமைந்தவனுக்கு இது சிறந்த முறைதான். ஆனால் மருத்துவக் குடும்பத்தில் பிறக்காத ஒருவனுக்குக் கதவு எளிதில் திறக்காது. சிறந்த நுஸ்காக்கள் குடும்ப ரகசியம், வைத்திருந்தவர் மௌத்தானால் அவருடனேயே கப்ருக்குப் போய்விடும். தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. நேற்றுவரை மருந்து இடித்துக்கொண்டிருந்தவர் இன்று ஹகீம் என்று பலகை மாட்டினாலும் கேட்க ஆளில்லை.

இந்த நிலையை மாற்ற முதல் அடி வைத்தவர் மூத்த அண்ணன் ஹகீம் அப்துல் மஜீத் கான். 1880களில் வீட்டுக்கு அருகிலேயே மத்ரஸா திப்பியா என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கி, வகுப்பு, பாடத்திட்டம், தேர்வு என்று ஒழுங்கு கொண்டுவந்தார். அஜ்மல் கான் 1892ல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகப் போனார். அரபு, பார்சி கையெழுத்துப் பிரதிகளுக்குப் பேர்போன ஊர் அது. படிப்பாளிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

1901ல் அப்துல் மஜீத் கான் காலமானார். அடுத்த அண்ணன் வாஸில் கானும் சில ஆண்டுகளில் மறைந்தார். குடும்பமும் பள்ளியும் சேர்ந்தே அஜ்மல் கானின் தோளில் விழுந்தன. அப்போது அவருக்கு வயது 40 கூட ஆகவில்லை. பள்ளியைக் கைவிட்டுவிட்டு, ராஜாக்களிடம் வாங்கிய பணத்தில் அவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவர் கணக்குப் போட்டது வேறு மாதிரி. பள்ளி நிலைக்க வேண்டுமானால் அதற்கு நிரந்தர வருமானம் வேண்டும், நன்கொடையை மட்டும் நம்ப முடியாது. இதே காலத்தில் கடைவீதியில் கலப்பட மருந்து பெருகிக் கிடந்தது. இரண்டுக்கும் சேர்த்து அவர் கண்ட வழி ஹிந்துஸ்தானி தவாகானா. ஒரே தரத்தில் மருந்து தயாரித்து, நியாய விலையில் விற்கும் நிறுவனம் அது. அதன் லாபம் மருத்துவப் பள்ளிக்குப் போனது. பரம்பரையாகப் பூட்டி வைத்திருந்த அறிவு இப்படித்தான் முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவானது. வக்ஃபு சொத்து என்றால் நிலமும் கட்டடமும் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு மருந்துச்சாலையையும் அந்த உணர்வோடு நடத்த முடியும் என்று அவர் காட்டினார்.

1909ல் பெண்களுக்கென்று தனி மருத்துவப் பள்ளியையும் மருத்துவமனையையும் தொடங்கினார். பர்தா கடைப்பிடித்த குடும்பங்களில் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போவதில்லை, முஸ்லிம் வீடுகளிலும் சரி, உயர்குடி இந்து வீடுகளிலும் சரி. பிரசவம் முழுக்க தாயி எனப்பட்ட மருத்துவச்சிகளின் கையில் இருந்தது. அனுபவம் உள்ளவர்கள்தான், ஆனால் கை கழுவுவது, கருவியைச் சுத்தம் செய்வது போன்ற அடிப்படைகளை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அதனால் தாய்மாரும் சிசுக்களும் இறந்தார்கள். அந்த மருத்துவச்சிகளை அஜ்மல் கான் இழிவாகப் பேசவில்லை, பயிற்சி கொடுக்கத் துணிந்தார். பெண்ணை வெளியே படிக்க அனுப்புவதே பெரும் விவாதமாக இருந்த காலம் அது. பெண் மருத்துவர் இல்லாத சமுதாயத்தில் பர்தாவைக் காப்பாற்றுவதன் விலையைப் பெண்ணின் உயிர்தான் கொடுக்கும் என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தவர்.

அடுத்த சோதனை அரசாங்கத்திடமிருந்து வந்தது. 1912ல் பம்பாய் மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்தவர்களே பதிவு பெற்ற மருத்துவர்கள், ஹகீம்களுக்கும் வைத்தியர்களுக்கும் அதில் இடமில்லை. 1914ல் சென்னை மாகாணத்திலும் அதே வகைச் சட்டம் வந்தது. ஆங்கில மருத்துவமனைகள் நகரங்களில் மட்டும் இருந்த நாளில் கிராமத்து ஏழைக்கு நாட்டு மருத்துவரை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? ஹகீம்களையும் வைத்தியர்களையும் ஒரே மேடையில் கூட்டி அகில இந்திய மாநாடு அமைத்து அஜ்மல் கான் இதை எதிர்த்தார். தம் பக்கத்துக் குறையையும் அவர் மறைக்கவில்லை. நம்மிடம் தேர்வும் தரமும் இல்லாதவரை அரசைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை என்பதே அவர் நிலை. உடற்கூறும் அறுவை சிகிச்சையும் யூனானி மாணவனுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும் என்றார். தூய யூனானியில் ஆங்கில மருத்துவத்தைக் கலக்கலாமா என்று ஹகீம்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பையும் தாங்கிக்கொண்டார்.

இந்த முயற்சிகளின் காலத்தில் தமிழகத்திலும் ஒரு முஸ்லிம் தலைவர் இதே வேலையில் இருந்தார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் ஆராய சென்னை அரசு 1921ல் அமைத்த குழுவுக்கு முகம்மது உஸ்மான் தலைவர். சென்னை தியாகராய நகரில் உஸ்மான் சாலை என்று நாம் நடந்து போகிறோமே, அவர் பெயரில் அமைந்ததுதான். அந்தக் குழுவின் அறிக்கை 1923ல் வந்தது. அதைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி அரசுச் செலவிலேயே தொடங்கப்பட்டு, மூன்று முறைகளும் கற்பிக்கப்பட்டன.

1911ல் அஜ்மல் கான் ஐரோப்பா போயிருந்தார். லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அப்போது ஓர் இளம் இந்திய டாக்டர் பணியில் இருந்தார். பிற்காலத்தில் தேசத் தலைவராகப் புகழ்பெற்ற டாக்டர் எம்.ஏ. அன்சாரி அவர். அங்கே மூத்த அறுவை நிபுணர் ஸ்டான்லி பாய்டுடன் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. ஒரு நோயாளிக்குப் பித்தப்பையில் கோளாறு என்று பாய்டு கருத, சிறுகுடலின் தொடக்கத்தில் புண் என்று ஹகீம் சாஹிப் சொன்னாராம். வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீம் சொன்னதே சரியாக இருந்ததாம். இதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கு முக்கியமாகப்படுவது அதன் மறுபக்கம். நாடி பார்த்துச் சொன்னது சரிதானா என்று நிரூபித்தது பாய்டின் கத்திதான். ஊர் திரும்பிய ஹகீம் சாஹிப் கல்லூரியில் அறுவை சிகிச்சைக்கு இடம் வேண்டும் என்பதில் விடாப்பிடியாக நின்றார்.

அந்தக் கல்லூரிக்கு 1916 மார்ச் 29 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார். அதன் பெயர் ஆயுர்வேத, யூனானி திப்பியா கல்லூரி. பெயரிலேயே அவர் எண்ணம் இருக்கிறது. ஹகீமாக விரும்பிய மாணவனும் வைத்தியராக விரும்பிய மாணவனும் ஒரே வளாகத்தில் படித்தார்கள். கட்டடம் முடிந்து 1921 பிப்ரவரி 13 அன்று திறப்பு விழா நடந்தபோது நாட்டின் நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. பஞ்சாப் படுகொலை, கிலாஃபத், ஒத்துழையாமை எல்லாம் நடந்து, ஹகீம் சாஹிபும் அரசு தந்த ஹாஸிகுல் முல்க் பட்டத்தையும் பதக்கத்தையும் துறந்துவிட்டார். மக்கள் அவருக்கு மஸீஹுல் முல்க் என்ற பட்டத்தைத் தாங்களே சூட்டினார்கள். கல்லூரியைத் திறக்க காந்திஜி வந்தார். ஆனாலும் அதே விழாவில் ஹார்டிஞ்ச் பிரபு, அவர் மனைவி ஆகியோரின் படங்களையும் காந்திஜி கையாலேயே திறக்கவைத்தார் ஹகீம் சாஹிப். அரசியல் பகை வந்துவிட்டது என்பதற்காகச் செய்த உதவியை மறப்பது அவர் பழக்கமல்ல.

அந்த ஆண்டு டிசம்பரில் அகமதாபாத் காங்கிரசுக்கு அவர் தலைமை ஏற்றார். தலைவராகத் தேர்வான சி.ஆர். தாஸ் சிறையில் இருந்ததால் அந்தப் பொறுப்பு இவரிடம் வந்தது. 1920ல் அலிகரில் தொடங்கிய ஜாமியா மில்லியாவின் முதல் வேந்தரும் அவரே. கிலாஃபத் இயக்கம் ஓய்ந்து பணவரவு நின்றபோது ஜாமியாவை மூடிவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. 1925ல் அதைத் தம் கல்லூரி இருந்த கரோல் பாகுக்கே கொண்டுவந்து, பெரும்பகுதிச் செலவைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். நோயாளி வீட்டு வாசலில் வாங்கிய 1000 ரூபாய்கள் போன வழி இதுதான்.

அவர் கைதூக்கிவிட்டவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சலீமுஸ்ஸமான் சித்தீகி அலிகரில் தத்துவமும் பார்சியும் படித்தவர். 1920ல் மருத்துவம் படிக்க லண்டன் போய், ஓராண்டில் மனம் மாறி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்குப் போய் வேதியியலில் சேர்ந்தார். கூடவே ஓவியமும் வரைந்துகொண்டிருந்தார். இந்தக் காலத்துப் பெற்றோராக இருந்தால் பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று தலையில் கை வைத்திருப்போம். ஹகீம் சாஹிப் அவருக்கு ஆதரவாக நின்றார். நம் மூலிகைகளில் எது எந்த நோயைக் குணமாக்குகிறது என்பதை வேதியியல் தெரிந்த ஒருவன்தான் பிரித்துக் காட்ட முடியும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சி நிலையம் அமைத்து அதை நடத்தும் பொறுப்பை சித்தீகிக்குத் தருவதென்று திட்டம். 1927ல் சித்தீகி டாக்டர் பட்டத்துடன் வந்து சேர்ந்தார்.

அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று ஹகீம் அஜ்மல் கான் ராம்பூரில் இதய நோயால் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். டெல்லியில் நல்லடக்கம் நடந்தது. சித்தீகியின் ஆராய்ச்சியைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை.

ஆராய்ச்சி நிற்கவில்லை. சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரிலிருந்து 1931ல் சித்தீகி ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, தம்மை ஆளாக்கியவரின் பெயரால் அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும்போது பயன்படும் மருந்து அது. திடீர் மரணத்தை உண்டாக்கும் ப்ருகாடா என்ற பரம்பரை இதயக் கோளாறு ஒருவருக்கு இருக்கிறதா என்று கண்டறிய, இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகளில் அஜ்மலின் ஊசி போட்டு இசிஜி எடுத்துப் பார்க்கிறார்கள். சித்தீகி பிற்காலத்தில் பாகிஸ்தானின் முதன்மை விஞ்ஞானிகளில் ஒருவராகி 1994ல் கராச்சியில் மறைந்தார்.

பிப்ரவரி 11 இப்போது யூனானி தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யூனானி மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு அந்தத் தேதி நன்றாகத் தெரியும். டெல்லிக்குப் போகிறவர்கள் கரோல் பாகில் அஜ்மல் கான் சாலைக்குத் துணி எடுக்கப் போவார்கள், கூட்டம் நெரியும். அதே கரோல் பாகில்தான் திப்பியா கல்லூரியும் இருக்கிறது. அதன் மருத்துவமனையில் இன்றும் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள்.