மூன்று முறை தட்டப்பட்ட கதவு



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இளையோர் பலர் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். கல்லூரி முகாம், பங்கின் இளையோர் முகாம், மறைபரப்பு முகாம் என்று பெயர்கள் பல. கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் வெள்ளிமலைக்குப் போகிறார்கள். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களோடு சில நாள்கள் தங்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வசதி உள்ள சிலர் வெளிநாட்டுக்கே சென்று இரண்டு வாரம், ஒரு மாதம் பணி செய்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வந்ததும் நிழற்படங்களைக் காட்டுகிறார்கள். பிறகு கல்லூரி திறக்கிறது. வாழ்க்கை பழையபடி ஓடுகிறது.

அந்தச் சில நாள்களால் யாருக்கு என்ன பயன்? போய் வந்த இளைஞனுக்கே இந்தக் கேள்வி சில நேரங்களில் எழுவதுண்டு. பெற்றோருக்கும் எழுவதுண்டு. இதற்கு விடை தேடும்போது ஓர் இளம்பெண்ணின் நினைவு வருகிறது. அவரும் சிறிது காலம் தங்கிவிட்டுத் திரும்பிப் போகத்தான் வந்தார். வந்த இடம் நமக்குத் தொலைவான இடமும் அல்ல. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019-இல்தான். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். அதற்கும் முன் பழைய தென்னார்க்காடு மாவட்டம். அதே தென்னார்க்காட்டைச் சேர்ந்த திண்டிவனம்தான் அந்த ஊர். அந்தப் பெண்ணின் பெயர் ஐடா ஸ்கட்டர்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அறியாத குடும்பம் நம் பக்கத்தில் இருக்க முடியாது. ஆனால் அந்த மருத்துவமனை ஓர் இரவின் தோல்வியிலிருந்து பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

வேண்டாம் என்ற மகள்

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து அண்ணன்களுக்குப் பின் பிறந்த ஒரே தங்கை. தாத்தா ஜான் ஸ்கட்டர் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கும் பின்னர் தமிழகத்துக்கும் வந்த மருத்துவ மறைப்பணியாளர். அவருடைய பிள்ளைகளும் அதே வழியில் வந்தவர்கள். ஐடாவின் தந்தை இரண்டாம் ஜானும் மருத்துவரே. அவர்கள் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்தவர்கள்.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876-78 பஞ்சத்தின்போது ஐடா சிறு குழந்தை. பசியால் சுருண்டு கிடந்த பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை வைத்த காட்சி அவர் மனத்தில் ஆறாத புண்ணாய்த் தங்கிவிட்டது. பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குச் சென்றது. சில காலத்தில் தந்தை மட்டும் பணிக்காக இந்தியா திரும்பினார். பின்னர் தாய் சோபியாவும் மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். தாய் பிரிந்த அன்று அந்தச் சிறுமி அழுத அழுகைக்கு அளவில்லை.

இப்படி வளர்ந்த பெண் மறைப்பணியை விரும்புவாளா? பஞ்சம், வெயில், நோய், பிரிவு. இவைதாம் இந்தியா என்றால் அவருக்கு நினைவு வந்தவை. நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் பெண்களுக்கான பள்ளியில் படித்தார். குறும்பும் சிரிப்புமாக இருந்தார். ஸ்கட்டர் குடும்பத்தில் தான் ஒருத்தியாவது மறைப்பணியாளர் ஆகாமல் இருக்கப்போவதாக உறுதி கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் 1890-இல் செய்தி வந்தது. திண்டிவனத்தில் தாய் நோயுற்றிருக்கிறார்; உதவிக்கு ஆள் வேண்டும். ஐடா புறப்பட்டார். தாய் தேறியதும் திரும்பிவிட வேண்டும், கல்லூரியில் சேர வேண்டும், தனக்கென்று ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ள வேண்டும். இதுவே அவருடைய திட்டம். திண்டிவனத்தில் தாயைக் கவனித்துக்கொண்டார். பெண் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். மனம் மட்டும் அமெரிக்காவில் இருந்தது.

அந்த இரவு

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பிராமண இளைஞர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா உதவ வேண்டும் என்று கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, தன் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. இளைஞரோ மறுத்துவிட்டார். அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. தலை குனிந்து இருளில் திரும்பிப் போனார்.

சிறிது நேரம் சென்று மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஓர் இஸ்லாமியர். அதே வேதனை, அதே வேண்டுகோள். தந்தையோடு தானும் வந்து உதவுவதாக ஐடா கெஞ்சினார். அதே மறுப்பு. மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் மற்றோர் இந்து. அவரும் அதே கோரிக்கையோடு வந்து அதே ஏமாற்றத்தோடு போனார்.

ஐடா அன்று தூங்கவில்லை. பொழுது விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்துவர ஆள் அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

அன்பர்களே, விவிலியத்தில் சாமுவேல் முதல் நூலின் மூன்றாம் அதிகாரம் நமக்கு நன்கு தெரிந்த பகுதி. சிறுவன் சாமுவேலை இறைவன் இரவில் பெயர் சொல்லி அழைக்கிறார். அழைப்பது ஆண்டவர் என்று தெரியாமல் மூன்று முறையும் அவன் ஏலியிடம் ஓடுகிறான். ஐடாவுக்கும் அன்று மூன்று அழைப்புகள் வந்தன. வானத்திலிருந்து வந்த குரல்கள் அல்ல அவை. மூன்று கணவர்களின் கலங்கிய குரல்கள். விடியற்காலையில்தான் அவை எங்கிருந்து வந்தன என்பது அவருக்குப் புரிந்தது. அழுதார், செபித்தார். மருத்துவம் படித்து இந்தப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகத் தம் பெற்றோரிடம் போய்ச் சொன்னார்.

அந்த இரவு ஐடா யாரையும் காப்பாற்றவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவரிடம் அன்பு இருந்தது. உடன் வரவும் அவர் ஆயத்தமாக இருந்தார். ஆயினும் மூன்று உயிர்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நல்ல மனம் மட்டும் போதாது. கையில் தொழில் வேண்டும். இதுவே அந்த இரவு அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

நெடும் படிப்பு

1894-இல் அமெரிக்கா திரும்பிய ஐடா, மறு ஆண்டு பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குப் புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்னும் வங்கி அதிபர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா தமிழ் மண்ணில் மீண்டும் கால் வைத்தார். தந்தையின் அருகில் இருந்து தொழில் பழக வேண்டும் என்று எண்ணியிருந்தார். சில மாதங்களிலேயே தந்தை இறந்துபோனார். இளம் பெண் மருத்துவரை நம்பி மக்களும் உடனே வந்துவிடவில்லை. வீட்டின் ஒரு சிறிய அறையே அவருடைய முதல் மருந்தகம். வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்மணியே முதல் உதவியாளர். மெல்ல மெல்ல மக்கள் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு மருத்துவம் பார்த்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது.

தாம் ஒருவர் எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? எத்தனை கதவுகளைத் திறக்க முடியும்? இந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று ஐடா உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதன்பின் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று கேட்டபோது, விண்ணப்பிக்கப் பெண்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று அதிகாரிகள் ஐயப்பட்டார்கள். 1918-இல் பள்ளி திறந்தபோது 151 விண்ணப்பங்கள் வந்தன. அவர்களில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களில் 14 பேர் 1922-இல் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். அந்த மூன்று வீடுகளிலும் எந்தத் தடையுமின்றி உள்ளே போயிருக்கக்கூடிய பெண்கள் இவர்கள்!

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடாவே போனார். முதலில் மாட்டு வண்டியில், பின்னர் மோட்டார் வண்டியில். சாலையோர மரத்தடியில் வண்டியை நிறுத்தி, புண்களைக் கழுவி, மருந்து கொடுத்து, அடுத்த ஊருக்கு நகர்வார். வாரந்தோறும் அதே நாளில் அதே மரத்தடியில் மக்கள் காத்திருப்பார்கள். ஒரு முறை வந்து போவது வேறு, ஒவ்வொரு வாரமும் வருவது வேறு என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள்.

பின்னர் அரசின் விதிகள் மாறி, மருத்துவப் பள்ளி பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாக உயர வேண்டிய நெருக்கடி வந்தது. எழுபது வயதைக் கடந்த நிலையிலும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக உதவி கேட்டார் ஐடா. கல்லூரி பிழைத்தது. 1947 முதல் ஆண்களும் அங்கே சேர்க்கப்பட்டனர். பல திருச்சபைகள் சேர்ந்து தாங்கும் நிறுவனமாக அது வளர்ந்தது. 1946-இல் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கொடைக்கானலில் 89 வயதில் இறைவனடி சேர்ந்தார். சிறிது காலம் தங்கவந்தவர் தமிழ் மண்ணிலேயே கண்மூடினார்.

நம் திருச்சபையிலும்

ஐடா கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவர் கேட்ட அதே அழுகுரலை நம் திருச்சபையின் மகளிரும் கேட்டார்கள். கத்தோலிக்க மறையைத் தழுவிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன், இராவல்பிண்டியில் பெண்களுக்கு மருத்துவமனை அமையக் காரணமானவர். ஆண் மருத்துவரைப் பார்க்க முடியாத பெண்கள் அங்கும் இறந்துகொண்டிருந்தார்கள். அருட்சகோதரிகள் மருத்துவப் பணியும் பிரசவப் பணியும் முழுமையாகச் செய்ய அன்றைய திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தடையை நீக்கும்படி முதிய வயதிலும் அவர் மீண்டும் மீண்டும் உரோமைக்குச் சென்று வேண்டினார். அனுமதியைக் காணாமலே 1913-இல் இறந்தார். அவர் வழியில் வந்த ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-இல் உரோமை அந்தத் தடையை நீக்கியது. ஆக, பெண்களுக்கு மூடியிருந்த கதவுகள் வீடுகளில் மட்டும் இல்லை. நம் பக்கத்திலும் ஒரு கதவு மூடியிருந்தது. அதைத் திறக்கவும் ஒருவர் விடாமல் தட்ட வேண்டியிருந்தது.

சிந்தனைக்கு

கள்ளக்குறிச்சியில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மலைமேல் உள்ள சிற்றூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. கதவு தட்டப்படும் ஓசை இன்னும் ஓயவில்லை.

அன்பு இளையோரே! முகாமுக்குப் போவது வீண் என்று எண்ணிவிடாதீர்கள். சில நாள்களில் ஒரு மலையையே மாற்றிவிட்டதாகவும் எண்ணிவிடாதீர்கள். ஐடாவின் முதல் வருகை யாருடைய உயிரையும் காக்கவில்லை. அது அவரைத் தூங்கவிடாமல் செய்தது, அவ்வளவுதான். அந்தத் தூக்கமின்மைக்கு அவர் நேர்மையாகப் பதில் சொன்னார். நான்காண்டு படித்தார்; பின்னர் அரை நூற்றாண்டு உழைத்தார். மலையிலிருந்து இறங்கும்போது பையில் என்ன கொண்டுவருகிறீர்கள்? நிழற்படங்கள் மட்டுமா? உறங்கவிடாத ஒரு முகமும் கூட வருகிறதா? அந்த முகத்துக்காக நீங்கள் செவிலியராகலாம், ஆசிரியராகலாம், வழக்கறிஞராகலாம், அருட்பணியாளராகலாம், அருட்சகோதரியாகலாம். முகாம் முடிகிற நாளில்தான் பணி தொடங்குகிறது.

பெற்றோர்களே! பிள்ளை ஒருநாள் வந்து, நீங்கள் போட்ட திட்டத்துக்கு மாறாக, ஏழைகள் நடுவில் வாழப்போவதாகச் சொன்னால் உடனே கதவைச் சாத்திவிடாதீர்கள். தட்டுபவர் ஆண்டவராகவும் இருக்கலாம்.

இரவில் வந்து கதவைத் தட்டும் இறைவா, உமது குரலை மனிதரின் அழுகையில் கண்டுகொள்ளும் செவியை எங்களுக்குத் தாரும். கேட்டதற்குப் பதில் சொல்ல, நீண்ட நாள் உழைக்கும் பொறுமையையும் தாரும். ஆமென்.