தொண்டைப் பாடமாக்கியவர்

பள்ளி மாணவர்கள் ஊர்க் குளத்தைத் தூர் வாருகின்றனர். ஊரே பாராட்டுகிறது. மறு ஆண்டு, அவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிறார். அதன்பின் அக்குளத்தின் நினைவு எவருக்கும் வருவதில்லை. பள்ளித் தொண்டு பெரும்பாலும் ஒருவரது ஆர்வத்தில் பிறந்து, அவர் நீங்கியதும் மறைந்துவிடுகிறது. அதனை நிலைபெறச் செய்வது எவ்வாறு என்னும் வினாவிற்குத் தம் வாழ்நாளையே செலவிட்டு விடை தேடியவர் தி. சு. அவினாசிலிங்கம்.

அவர் 1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் திருப்பூரில் செல்வ வளம் மிக்க குடும்பத்தில் பிறந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். வழக்கறிஞர் தொழில் அவரை நெடுநாள் ஈர்த்து வைக்கவில்லை. ஒருபுறம் காந்தியடிகளின் விடுதலைப் போராட்டமும், மறுபுறம் இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் தொண்டு நெறியும் அவரை அழைத்தன. இரண்டையும் ஏற்றார். பலமுறை சிறை சென்றார். திருமணம் செய்துகொள்ளாமல் தம் செல்வத்தையும் உழைப்பையும் கல்விக்கே அளித்தார்.

1930ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் அவர் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் மிகச் சிறியது. அதனினும் பெரிது அதன் நோக்கம். சாதி வேறுபாடின்றி மாணவர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, கற்க வேண்டும் என்பதே அது. தீண்டாமை வேரூன்றியிருந்த காலத்தில் இது எளிய செயலன்று. அரிசனத் தொண்டுக்காக நாடெங்கும் பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், 1934இல் வித்யாலயக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். பின்னர், மேட்டுப்பாளையம் செல்லும் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் அந்நிறுவனம் விரிந்து வளர்ந்தது.

அங்கே தொண்டு என்பது ஆண்டுக்கொரு முறை நிகழும் விழாவாக இருக்கவில்லை. தம் இடத்தைத் தாமே தூய்மை செய்தலும் உடலுழைப்பும் உடனுறைவோர்க்கு உதவுதலும் அன்றாடக் கல்வியின் பகுதிகளாயின. துடைப்பம் ஏந்துவது யாரோ ஒரு சாதியின் கடமை என்று எண்ணி வந்த சமூகத்தில், எல்லார் கையிலும் துடைப்பத்தைக் கொடுப்பதே ஒரு பாடந்தான்.

1946 முதல் 1949 வரை அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதான பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டதும், தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியதும் அக்காலத்தில்தான். நம் பொருளுக்கு நெருங்கியது மற்றொன்று. அவர் காலத்தில் சீரமைக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளிக் கல்வியில், கைத்தொழிலும் குடிமைப் பயிற்சியும் இடம்பெற்றன. ஓரிடத்தில் செய்து பார்த்த கல்வியின் சாயல், மாகாணப் பள்ளிகளின் கால அட்டவணைக்குள் நுழைந்தது.

ஆனால், அட்டவணையில் ஓர் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? தேர்வில் மதிப்பெண் இல்லாத பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கடன் கேட்கும் வழக்கம் மாணவர் அறியாததன்று. ஆணை பிறப்பிப்பவர் அமைச்சர்; அதற்கு உயிர் கொடுப்பவரோ வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர். அவரே மண்வெட்டி பிடித்தறியாதவராயின், மாணவருக்கு எதைக் கற்பிப்பார்?

பதவியிலிருந்து விலகிய அவினாசிலிங்கம் வித்யாலயப் பணியைத் தொடர்ந்தார். 1950இல் அங்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியது. 1956இல் நடுவண் அரசு தொடங்கிய ஊரக உயர்கல்வி நிறுவனங்களுள் ஒன்று அவ்வளாகத்திலேயே அமைந்தது. கிராமப் பணிக்கென மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு அத்தகைய நிறுவனங்களில் நடத்தப்பட்டது. உழவும் நலவாழ்வும் கூட்டுறவும் ஊர் மக்களிடையே சென்று கற்க வேண்டியவை என்பது அத்திட்டத்தின் அடிப்படை. 1957இல் பெண்களுக்கென அவர் கோவையில் நிறுவிய மனையியல் கல்லூரி, 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

நாடும் மெல்ல இவ்வழிக்கு வந்தது. பணி அனுபவமும் சமூகத் தொண்டும் கல்வியின் எல்லா நிலைகளிலும் இடம்பெற வேண்டுமென 1966இல் கோத்தாரிக் கல்விக் குழு பரிந்துரைத்தது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சிறப்பு முகாம்களுக்குச் செல்வதும் அத்திட்டத்தின் வழியாகத்தான்.

1970இல் பத்மபூஷண் விருது பெற்ற அவினாசிலிங்கம், 1991ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மறைந்தார். அப்போது வித்யாலயத்தின் வயது 61.