ஓர் இருக்கையும் ஓர் இதழும்

சென்னை உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. வழக்கைக் கொண்டுவருவோருள் பெரும்பாலோர் இந்தியர். வாதாடுவோருள்ளும் இந்தியர் பலர் இருந்தனர். தீர்ப்புரைக்கும் இருக்கையில் மட்டும் பதினாறு ஆண்டுகளாக இந்தியர் ஒருவரும் நிலையாக இடம்பெறவில்லை. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் 1863ஆம் ஆண்டிலேயே சம்புநாத் பண்டிதர் நீதிபதியாகிவிட்டார். சென்னையில் அந்த நாள் 1878இல் வந்தது. அப்போது அவ்விருக்கைக்குத் தெரிவு செய்யப்பட்டவர் முத்துசாமி ஐயர். அத்தெரிவை எதிர்த்தவர்களின் பெயர்களை இன்று நினைவுகூர்வார் இல்லை. ஆதரித்தவர்கள் செய்த செயல் ஒன்று இன்றும் நாள்தோறும் அச்சேறி வருகிறது.

ஒரு ரூபாய் ஊதியம்

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். பிழைப்புக்காகத் தாய் தம் மக்களுடன் திருவாரூருக்குக் குடிபெயர்ந்தார். பன்னிரண்டு வயது அளவில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்த சிறுவனுக்குத் திங்கள் ஊதியம் ஒரு ரூபாய். சிறிது காலத்தில் தாயும் மறைந்தார்.

ஒருநாள் வெள்ளத்தால் அணை ஒன்று உடைந்தது என்ற செய்தி வட்டாட்சியர் முத்துசாமி நாயக்கருக்கு எட்டியது. அலுவலகத்தில் அந்நேரம் இருந்தவன் இச்சிறுவன் மட்டுமே. விவரம் அறிந்துவர அவனையே அனுப்பினார். சென்ற வேகத்தில் திரும்பிய சிறுவன் உடைப்பைப் பற்றி நுணுக்கமான தகவல்களைத் தந்தான். நம்ப இயலாத வட்டாட்சியர் தலைமை எழுத்தரை அனுப்பிச் சரிபார்த்தார். சிறுவன் சொன்னதில் பிழையில்லை. கண்டதைக் கண்டவாறே கூறுதல் நீதிபதிக்குரிய முதற்பண்பு எனில், முத்துசாமியின் முதல் தீர்ப்பு அந்த ஆற்றங்கரையிலேயே எழுதப்பட்டது எனலாம்.

வட்டாட்சியரின் ஆதரவால் நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியிலும் பின்னர்ச் சென்னையிலும் கல்வி தொடர்ந்தது. சென்னை உயர்நிலைப் பள்ளியில் பவல் என்னும் பேராசிரியரின் மாணவரானார். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ஐந்நூறு ரூபாய் பரிசு பெற்றார். தெருவிளக்கின் ஒளியில் அவர் படித்ததாகச் சென்னையில் வழங்கும் கதையைக் கேளாதார் குறைவு. அக்கதை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஒரு ரூபாய் ஊதியத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் பரிசுவரை அவர் கடந்த தொலைவு அதனினும் வியப்புக்குரியது.

மூன்றாம் வாயில்

கல்விக்குப்பின் ஆவணக் காப்பாளராகவும் பள்ளித் துணை ஆய்வாளராகவும் பணியாற்றினார். வழக்குரைஞர் தேர்வைக் கும்பகோணத்தில் எழுதி முதலிடம் பெற்றார். 1859இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். பின்னர்த் தென்கன்னட மாவட்டத்தில் சார்பு நீதிபதி. 1868இல் சென்னையில் காவல்துறை நடுவர். நாற்பதை நெருங்கும் வயதில் மீண்டும் மாணவராகி, 1871இல் சட்டப் பட்டம் பெற்றார். அதன்பின் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார்.

இவ்வரிசையைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1861ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றச் சட்டம், நீதிபதி பதவிக்கு நான்கு வாயில்களை வைத்திருந்தது. இங்கிலாந்தில் பயின்ற பாரிஸ்டர்கள், குடிமைப் பணி அலுவலர்கள், கீழ்நீதிமன்றங்களில் உரிய பதவியில் ஐந்தாண்டுகளேனும் இருந்தவர்கள், உயர்நீதிமன்றத்தில் பத்தாண்டுகள் வாதாடியவர்கள் ஆகியோர்க்கு அவை உரியன. முதல் இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே திறந்திருந்தன. முத்துசாமி ஐயர் மூன்றாம் வாயிலில் நின்றார். எனவே அவரது தகுதி பரிந்துரைக் கடிதங்களில் மட்டும் இருக்கவில்லை. இருபது ஆண்டுகளாக எழுதிய தீர்ப்புகளில் இருந்தது. மேல்முறையீட்டில் அவற்றைப் படித்த ஆங்கிலேய நீதிபதிகளும், அவர்முன் நின்று வாதாடிய வழக்குரைஞர்களும் அதனை நன்கு அறிவர்.

அறிந்தவர்கள் அறிந்ததைப் பொதுமக்களிடம் யார் கூறுவது? அரசுப் பணியிலிருந்தோர் இதழ்களில் வாதாட இயலாது. இங்கிருந்த ஆங்கிலேயரின் செய்தித்தாள்களோ இந்தியர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்வதைக் கண்டித்து எழுதின. ஒரு மனிதரின் அறிவைப் பற்றிய ஐயமாக அது தொடங்கினாலும், ஓர் இனத்தாரின் தகுதியைப் பற்றிய ஐயமாகவே முடிந்தது. காசுலு இலட்சுமிநரசு செட்டி 1844இல் நிறுவிய கிரசென்ட் இதழ் அவருக்குப்பின் நிலைக்கவில்லை. மறுமொழி கூற வலுவான ஏடு ஒன்றும் இந்தியர் கையில் இல்லை.

கடன் பெற்ற ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த அறுவர் அக்குறையைத் தீர்க்க முன்வந்தனர். ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்ட மாணவர்கள். அறுவருள் மூத்தவரான சுப்பிரமணிய ஐயருக்கே வயது இருபத்து மூன்றுதான். அவர்களிடம் பணமில்லை, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் பெற்றனர். கணக்கர் உதவியாளாக முத்துசாமி முன்பு ஈட்டிய இரு திங்கள் ஊதியத்திற்கும் அது குறைவு. தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது படிகள் அச்சாயின. 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' வார இதழாக வெளிவந்தது.

எண்பது படிகளால் அரசின் முடிவு மாறியிருக்கும் என்று கருதுவதற்கில்லை. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் குற்றச்சாட்டு அச்சில் இருக்கும்போது மறுப்பும் அச்சில் இருத்தல் வேண்டும் என்பதை அவ்விளைஞர்கள் உணர்ந்திருந்தனர். சட்ட மாணவர்கள் விரைவில் தத்தம் தொழிலுக்குச் சென்றுவிட, ஆசிரியர் இருவரும் இதழைத் தொடர்ந்து நடத்தினர். 1889இல் அது நாளிதழாயிற்று. இடையில், 1882இல், சுப்பிரமணிய ஐயர் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். பாரதியார் பின்னாளில் பணியாற்றியது அவ்விதழில்தான்.

இருக்கையின் பின்னோர்

இருக்கைக்குரியவரோ இதழ்ப்போரில் தாமாக இறங்கவில்லை. இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில் அவருடைய தீர்ப்புகள் ஆண்டுதோறும் இடம்பெற்றன; இந்துச் சட்டம் பற்றிய அவரது விளக்கங்களை வழக்குரைஞர்கள் தேடிப் படித்தனர். மலபார் மக்களின் திருமண முறைகளை ஆராய 1891இல் அமைந்த ஆணையத்திற்கு அவர் தலைமையேற்றார். 1892இல் செந்நிறக் கோபுரங்களுடன் எழுந்த புதிய உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் அமர்ந்தார். அடுத்த ஆண்டில், தலைமை நீதிபதியின் பொறுப்பைத் தற்காலிகமாக வகித்தார். அப்பொறுப்பைச் சென்னையில் ஏற்ற முதல் இந்தியர் அவரே.

1895 சனவரி 25ஆம் நாள், அறுபத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு மூன்று நாள் இருக்கையில், அவர் காலமானார். அவ்வாண்டிலேயே மயிலாப்பூர்க் கடற்கரை இல்லத்து வழக்குரைஞர் எஸ். சுப்பிரமணிய ஐயர் நீதிபதியானார். 1901இல் வெ. பாஷ்யம் ஐயங்காரும், 1909இல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் அம்மன்றத்தில் அமர்ந்தனர். பாரதியின் பாடல்களை 1907இல் அச்சிட்டு மக்களுக்கு வழங்கிய மயிலாப்பூர் வழக்குரைஞர் இக்கிருஷ்ணசாமி ஐயரே. முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை உயர்நீதிமன்றத்தினுள் உள்ளது. சிற்பி வேட் அவரை அமர்ந்த நிலையிலேயே வடித்திருக்கிறார்.