எட்வர்டு கார்ப்பெண்டர்: அன்பை ஒளிக்காத கவிஞர்

ஆங்கிலக் கவிஞர்களின் வரிசையில் எட்வர்டு கார்ப்பெண்டரின் பெயர் முன்னிடத்தில் வைத்து எண்ணப்படுவதில்லை. பாடநூல்களில் அவருக்கு இடமில்லை. எனினும் ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் நேசிப்பது குற்றமும் அன்று, நோயும் அன்று என்று தம் பெயரைப் போட்டு எழுதிய முதற்சில ஆங்கிலேயருள் அவர் ஒருவர். அவருடைய உள்ளத்தை உருவாக்கியவர்களுள் தமிழர் இருவர் உண்டு என்பது தமிழிலக்கிய அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி. ஒருவர் நண்பர், மற்றவர் குரு.

இளமையும் கல்வியும்

1844ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் பிரைட்டனை அடுத்த ஹோவ் என்னும் ஊரில் கார்ப்பெண்டர் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம். செய்வதற்கு ஒரு தொழிலுமின்றி, விருந்துக்கும் நாகரிகப் பேச்சுக்கும் நடுவே தம் சகோதரிகளின் வாழ்நாள் வீணாகக் கழிவதை இளமையிலேயே அவர் கண்டார். பின்னாளில் பெண்ணுரிமைக்காக அவர் எழுதியவற்றுக்கு அந்த வீடே வித்து.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டிரினிட்டி ஹால் கல்லூரியில் கணிதம் பயின்று உயர்ந்த இடம் பெற்றார். அக்கல்லூரியிலேயே ஆய்வுநராக அமர்ந்தார். திருச்சபைக் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். மரியாதையும் ஊதியமும் வாழ்நாள் முழுதும் உறுதியாயிருந்த நிலை அது. ஆயினும் அவருள்ளே ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. தம் நெஞ்சம் ஆடவரையே நாடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அதைச் சொல்வதற்கு அன்றைய ஆங்கில மொழியில் பழிச்சொற்களைத் தவிர வேறு சொல் இல்லை.

அந்நாளில் அமெரிக்கக் கவி வால்ட் விட்மனின் கவிதைத் தொகுதி ஒன்று அவர் கைக்கு வந்தது. தோழமையைப் பாடிய அக்கவிதைகள் அவருக்குத் துணையாயின. 1874இல் குருப்பணியையும் கல்லூரிப் பதவியையும் துறந்து, வடஇங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குச் சென்று தொழிலாளருக்கும் பெண்களுக்கும் வானியலும் இசையும் கற்பித்தார். 1877இலும் 1884இலும் கடல் கடந்து சென்று விட்மனை நேரில் கண்டு மீண்டார்.

தமிழ் நண்பர்

கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் பயில இலங்கையிலிருந்து வந்திருந்தார் பொன்னம்பலம் அருணாசலம். கொழும்பில் 1853இல் பிறந்த அவர் கார்ப்பெண்டரினும் ஒன்பது ஆண்டு இளையவர். ஆசிரியர், மாணவர் என்ற எல்லையைத் தாண்டி இருவரிடையே நட்பு வேரூன்றியது. பின்னர் ஆட்சிப்பணித் தேர்வில் வென்று 1875இல் இலங்கை திரும்பிய அருணாசலம், பிற்காலத்தில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக விளங்கினார். திருவாசகத்தையும் சங்கப் பாடல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தவரும் அவரே.

ஊர் திரும்பிய நண்பர் கார்ப்பெண்டருக்குப் பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை அளித்தார். எல்லா உயிரிலும் ஓருயிரே நிற்கிறது என்னும் கருத்து, தம்மைத் தாமே ஒதுக்கிவைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதருக்கு மருந்தாயிற்று. பல ஆண்டுகளாக அவருள் அடைபட்டிருந்த கவிதை மடை திறந்தது. ‘மக்களாட்சியை நோக்கி’ என்ற அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1883இல் வெளிவந்தது. யாப்பின் கட்டை விட்டு விட்மன் வழியில் நெடிய வரிகளால் அமைந்த அந்நூல், மேலும் மேலும் வளர்ந்து 1905இல் முழு வடிவம் பெற்றது. அந்நூலின் அடிநாதத்தைத் தமக்குத் தந்தது கீதையே என்று கார்ப்பெண்டர் பின்னாளில் நன்றியுடன் பதிவு செய்திருக்கிறார்.

அதே ஆண்டில், ஷெஃபீல்டு நகருக்கு அருகே மில்தோர்ப்பு என்னும் சிற்றூரில் நிலம் வாங்கித் தாமே பயிரிடத் தொடங்கினார். இந்தியாவில் பணிபுரிந்த நண்பர் ஒருவர் காசுமீரச் செருப்புகளை அனுப்பிவைக்க, அவற்றைப் பார்த்துத் தாமே தோற்செருப்புத் தைக்கக் கற்று, நண்பர்களுக்கும் செய்து கொடுத்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் செருப்புத் தைப்பதைக் கண்டு நகைத்தவர் பலர். அவரோ உழைப்பில் இழிவு காணவில்லை. ஷெஃபீல்டுத் தொழிலாளரோடு சேர்ந்து 1886இல் சமதர்மச் சங்கம் கண்டார். அவர் இயற்றிய எழுச்சிப் பாடல் தொழிலாளர் கூட்டங்களில் நெடுங்காலம் ஒலித்தது. சோசலிசப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீர்மானம் இயற்றியது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பே அக்கனவைப் பாடியவர் இவர். பகலில் தொழிற்சாலைகளில் உழைத்து, மாலையில் கவிதை பேசும் அம்பத்தூர், ஆவடி வட்டாரத்து அன்பர்களுக்கு இவர் அயலார் அல்லர்.

ஞானியின் அருகில்

1890ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கார்ப்பெண்டர் இலங்கைக்குப் பயணமானார். அருணாசலம் அப்போது குருநாகலில் நீதித்துறைப் பணியில் இருந்தார். அவர் தம் நண்பரை இராமசாமி என்னும் தமிழ் ஞானியிடம் அழைத்துச் சென்றார். இலக்கணப் புலமையால் இலக்கணம் இராமசாமி என்றே அப்பெரியார் அறியப்பட்டார். தில்லைநாத சுவாமிகளின் சீடர்.

பல வாரங்கள் நாள்தோறும் கார்ப்பெண்டர் அவர்முன் சென்று அமர்ந்தார். ஞானி தமிழில் பேசுவார்; அருணாசலம் ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார். எண்ணங்களின் ஓட்டத்தை நிறுத்தி, நான் என்னும் சிறு வேலியைத் தாண்டினால் தெரியும் பேரறிவே அப்பாடத்தின் சாரம். ஞானி சொன்ன அனைத்தையும் கார்ப்பெண்டர் அப்படியே ஏற்றவர் அல்லர். ஆயினும், ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் நாட்டின் முதியவர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தது அக்காலத்தில் எளிய செயலன்று.

இலங்கையில் தைப்பூச இரவுத் திருவிழாவைக் கண்டு வியந்தார். தென்னிந்தியக் கோயில்களைத் தரிசித்து, சென்னை, கல்கத்தா, காசி, தில்லி, அலிகர் வழியாகப் பம்பாய் சென்று கப்பலேறினார். அப்பயணத்தை எழுதிய நூல் 1892இல் வெளிவந்தது. வெள்ளையர் ஆட்சியின் செருக்கையும், ஆள்வோர் தம் ஓட்டுக்குள் ஒடுங்கி மக்களை அறியாமல் வாழ்ந்ததையும் அந்நூலில் அவர் கண்டித்திருக்கிறார். நாகரிகத்தை ஒரு நோயாகக் கண்டு அவர் 1889இல் எழுதிய மற்றொரு நூல் காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்டது; 1909இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்ய’த்தில், படிக்கத்தக்க நூல்களுள் ஒன்றாக அதை அடிகள் பரிந்துரைத்தார்.

மில்தோர்ப்பு இல்லம்

இந்தியாவிலிருந்து திரும்பிய 1891ஆம் ஆண்டிலேயே, இரயில் பயணம் ஒன்றில் ஜார்ஜ் மெரில் என்னும் இளைஞரைக் கார்ப்பெண்டர் சந்தித்தார். ஷெஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர் மெரில். பள்ளிப்படிப்புப் பெரிதும் இல்லாதவர். நகைச்சுவையும் பாட்டும் நிறைந்தவர். அந்த நட்பு காதலாக முதிர்ந்தது. 1898இல் மெரில் மில்தோர்ப்பு இல்லத்துக்கே வந்து சேர்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தவர்கள் அல்லர் அவ்விருவரும். நாடெங்கிலுமிருந்து எழுத்தாளரும் தொழிலாளரும் அவ்வீட்டைத் தேடி வந்தனர். மெரில் சமைத்தார், கார்ப்பெண்டர் தோட்டத்தில் உழைத்தார்.

அவ்வாறு வந்தவர்களுள் நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரும் ஒருவர். 1913 அளவில் அவ்வில்லத்தைக் கண்டு திரும்பிய அவர், ஆடவர் இருவரின் காதல் மகிழ்வில் முடியும் ‘மாரிஸ்’ என்னும் நாவலை எழுதினார். எழுதியவர் அதைப் பேழையில் பூட்டி வைத்தார். அவர் மறைந்த பிறகு, 1971இல்தான் அது அச்சேறியது. ஃபார்ஸ்டர் பூட்டி வைத்ததைக் கார்ப்பெண்டர் திறந்து வைத்து வாழ்ந்தார் என்பதே இருவருக்கும் உள்ள வேறுபாடு.

எழுதத் துணிந்த ஆண்டு

அப்படி வாழ்வது எத்துணை இடர் மிக்கது என்பதை அன்றைய சட்டம் உணர்த்தும். ஆடவரிடையே எவ்வகை உடலுறவும், மறைவிடத்தில் நிகழ்ந்தாலும், ஈராண்டுச் சிறைக்குரியது என 1885ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இத்தகைய சட்டங்கள் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது என்று ஒரு பெயர் சூட்டி, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. 1883இல் இலங்கைக்கும் அதே அச்சில் வார்த்த சட்டம் வந்தது.

தன்பாலன்பைப் பற்றிக் கார்ப்பெண்டர் எழுதிய சிறுநூல், மான்செஸ்டரின் தொழிலாளர் அச்சகத்தில் தனிச்சுற்றுக்கென அச்சாகி 1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. சில மாதங்களில் ஆஸ்கார் வைல்டு கைதானார். மே 25ஆம் நாள் ஈராண்டுக் கடுங்காவல் பெற்றார். நாடெங்கும் அச்சம் பரவியது. கார்ப்பெண்டரின் அடுத்த நூலை வெளியிட ஒப்பிய பதிப்பகம் பின்வாங்கியது. அவர் நிலம் விட்டு ஓடவில்லை. தொழிலாளர் அச்சகத்தின் துணையோடு 1896இல் அந்நூலை வெளிக்கொணர்ந்தார். உலக இலக்கியங்களில் நட்பைப் பாடிய பகுதிகளைத் திரட்டி 1902இல் ஒரு தொகைநூல் தந்தார். 1908இல் ‘இடைப்பட்ட பாலினம்’ என்ற நூலை வெளியிட்டார். ஊரார் ஒருவர் அவரைத் தூற்றித் துண்டறிக்கை பரப்பியபோதும் அவர் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருடைய கொள்கையில் குறை இல்லாமலில்லை. ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பதையும், தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ எவ்வாறு உணர்கிறார் என்பதையும் அவர் ஒன்றெனக் குழப்பினார். இன்று இவை வேறுவேறு என்பது தெளிவு. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்டோரையும் மனிதராகவே எண்ண வேண்டும் என்னும் அவர் நோக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை என்று கூறி, உயர்திணை ஈறுகளையே அவர்க்கு உரியனவாக்குகிறது. கப்பலில் வந்த சட்டம் குற்றவாளியாக்கியவரை நம் பழைய இலக்கணம் உயர்திணையில் வைத்திருந்தது. தன்பாலன்பு மேனாட்டு இறக்குமதி என்று சொல்வோர், இறக்குமதியானது அன்பன்று, தண்டனையே என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

முதுமையும் மறைவும்

1922இல் இருவரும் தெற்கே கில்டுஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1924இல் கார்ப்பெண்டரின் எண்பதாம் பிறந்தநாளின்போது, இங்கிலாந்தின் முதல் தொழிற்கட்சி அரசின் அமைச்சர்கள் கையொப்பமிட்டு வாழ்த்துமடல் அனுப்பினர். அவரை வாழ்த்திய அவ்வமைச்சரவை, அவர் அன்பைக் குற்றமாக்கிய சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

அவ்வாண்டின் சனவரியிலேயே அருணாசலம் தமிழ்நாட்டுத் திருத்தலப் பயணத்தின்போது மறைந்திருந்தார். ஞானம் பற்றி நண்பர் எழுதிய கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்து 1927இல் நூலாக்கினார் கார்ப்பெண்டர். அரை நூற்றாண்டு நட்புக்கு அவர் செலுத்திய கடன் அது. 1928 சனவரியில் மெரில் காலமானார். அப்பிரிவைத் தாங்காது நலிந்த கார்ப்பெண்டர் 1929 சூன் 28ஆம் நாள் உயிர் நீத்தார். கில்டுஃபோர்டில் இருவரும் ஒரே கல்லறையில் துயில்கின்றனர்.

பின்னாளில் வந்த தீர்ப்புகள்

அவர் எழுதியது உலக மன்றங்களை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. 1967இல் இங்கிலாந்து தன் சட்டத்தை ஓரளவு தளர்த்தியது. 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், 1994இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவும், இத்தகைய சட்டங்கள் தனிவாழ்வு உரிமைக்கு முரணானவை என முடிவு கூறின. 1990இல் உலக சுகாதார நிறுவனம் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் திருநர்க்குத் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் ஒப்புதலோடு கொள்ளும் உறவு 377ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகாது என்றது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், மருத்துவம் என்ற பெயரில் ஒருவரது இயல்பை மாற்ற முயல்வதைத் தடை செய்தது.

எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க 2023இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கார்ப்பெண்டர் ஞானம் பெற்ற இலங்கையிலோ, 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய சட்டத்தைப் பெண்களுக்கும் விரித்தது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு அதனை 2022இல் கண்டித்தது. சட்டத்தை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தெரிவித்தது.

நீதிமன்றங்கள் நெடுங்காலம் கழித்துச் சொன்னதை, தண்டனைக்கு அஞ்சாமல் ஒரு கவிஞர் முன்னரே எழுதினார், எழுதியபடியே வாழ்ந்தார். நெஞ்சில் உள்ளதைச் சொல்ல மொழியில் சொல் இல்லையேல் அச்சொல்லை ஆக்கித் தருவது கவிஞர் கடன். அக்கடனைத் தீர்த்தவர் எட்வர்டு கார்ப்பெண்டர்.